முரளியின் பெயரில் ஓர் எழுத்து

2010 ஜனவரி. ஜனாதிபதித் தேர்தல் செய்திகளுக்காக ஹட்டன், மஸ்கெலியா என்று நான்கு நாட்கள் அலைந்துவிட்டு நல்லதண்ணிக்கு வந்திருந்தேன். சிவனொளிபாதமலைப் பருவகாலம். கடைத்தெரு முழுவதும் கம்பளித் தொப்பிகளும் யாத்திரிகர்களும். கட்டுரையைக் கொழும்புக்கு அனுப்புவதற்காக ஒரு கொமியூனிகேஷன் கடைக்குள் நுழைந்தேன். அங்கிருந்த ஒரே கணினியில் கடைக்காரரின் மகன் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தான். ஆட்டத்தின் பெயர் 'ஆஷஸ் கிரிக்கெட் 2009'.

ஆட்டத்தை நிறுத்திவிட்டு எனக்கு இடம் தருவான் என்று பார்த்தால், அவன் என்னிடம் ஒரு கேள்வி கேட்டான்.

"ஐயா, நீங்க பேப்பர்ல எழுதுறவங்கதானே? முரளி பேருக்கு இங்கிலீஷ்ல இந்த எழுத்தா, இந்த எழுத்தா?"

விசைப்பலகையில் இரண்டு எழுத்துகளைத் தொட்டுக் காட்டினான். ஒன்று ஆங்கில அகரவரிசையில் நான்காவது எழுத்து, மற்றது இருபதாவது. (இரண்டையும் தமிழில் எழுதினால் 'டி' என்றே வரும். ஆகவே வாசகர்கள் இந்த எண்கணக்கைப் பொறுத்தருள வேண்டும்.)

திரையைப் பார்த்தேன். இலங்கை அணி என்றுதான் போட்டிருந்தது. ஆனால் வீரர்களின் பெயர்களோ கேட்டுப் பழகிய பெயர்கள் உருக்குலைந்தவை போல இருந்தன. இங்கிலாந்துக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் மட்டும் பெயர்கள் ஒழுங்காக இருந்தன. பையன் ஒவ்வொரு பெயராகத் திருத்திக்கொண்டு வந்து முரளியிடம் தடுமாறி நின்றிருந்தான்.

இந்த உருக்குலைவு எழுத்துப்பிழையல்ல, கணக்குப் பார்த்துச் செய்தது. கிரிக்கெட் ஆட்டமொன்றைத் தயாரிக்கும் நிறுவனம் பல வாசல்களில் அனுமதி கேட்க வேண்டும். அணியின் சின்னமும் சீருடையும் அந்தந்த நாட்டுச் சபைக்குச் சொந்தம். உலகக் கிண்ணம் என்ற பெயரும் கிண்ணத்தின் உருவமும் சர்வதேச கிரிக்கெட் சபைக்குச் சொந்தம். வீரனின் பெயரும் முகமும் வீரனுக்கே சொந்தம், அவன் அதை ஒப்பந்தத்தில் சபைக்கு எழுதிக் கொடுக்காதிருந்தால். எல்லா வாசலிலும் பணம் கட்டக் கட்டுப்படியாகாதபோது நிறுவனங்கள் கண்டுபிடித்த குறுக்குவழிதான் பெயரில் ஓரிரு எழுத்தை மாற்றுவது. ஆடுபவனுக்கு ஆள் யாரென்று புரியும், வழக்குப் போட வருகிறவனுக்கோ பிடி கிடைக்காது.

தொடக்கத்தில் இவ்வளவு சிக்கல் இருக்கவில்லை. ஒரே ஒரு நட்சத்திரத்தின் பெயரை வாங்கி அட்டையில் போட்டால் போதும். 1985-இல் கிரஹாம் கூச்சின் பெயரில் ஓர் ஆட்டம் வந்தது. 1994-இல் 375, 501 என்று லாரா இரண்டு உலக சாதனைகளை நிகழ்த்த, அடுத்த ஆண்டே அவர் பெயரில் ஆட்டம் வந்துவிட்டது. பிளேஸ்டேஷனுக்கு வந்த 'பிரையன் லாரா கிரிக்கெட்' அவுஸ்திரேலியக் கடைகளில் 'ஷேன் வோர்ன் கிரிக்கெட் 99' ஆயிற்று. உள்ளே இருந்தது ஒரே ஆட்டம்தான். ஒரே தேயிலையை ஊருக்கொரு பெட்டியில் விற்பது எங்கள் மலைநாட்டார் அறியாத வித்தை அல்ல.

இங்கிலாந்துக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் மட்டும் சரியான பெயர் ஏன் என்ற கேள்விக்குப் பணம், சந்தை என்று பதில் சொல்லலாம். அது முக்கால்வாசி உண்மை. மீதிக் கால்வாசி சங்கம் என்பது என் எண்ணம். இங்கிலாந்து வீரர்களுக்கு 1967 முதலும் அவுஸ்திரேலிய வீரர்களுக்கு 1995 முதலும் சங்கம் உண்டு. சங்கம் கூடிப் பேரம் பேசும் இடத்தில் பெயர்களை மொத்தமாக ஒரே மேசையில் வாங்கலாம், விலையையும் கேட்டுப் பெறலாம். தோட்டத்தில் பிறந்தவனுக்குக் கூட்டு ஒப்பந்தம் என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. இந்தியாவில் 2019-இல் அமைந்த வீரர் சங்கம்கூட ஓய்வு பெற்றவர்களுக்கானதுதான்.

அமெரிக்காவில் நடந்ததையும் சொல்ல வேண்டும். எட் ஓபானன் என்ற முன்னாள் கல்லூரிக் கூடைப்பந்து வீரர், நண்பர் வீட்டுப் பையன் ஆடிய ஆட்டத்தில் தன்னையே கண்டார். பெயர் இல்லை. ஆனால் அவருடைய இலக்கம், அவருடைய இடதுகை, அவருடைய உருவம். 2009-இல் வழக்குத் தொடுத்தார். ஆட்டத்தைத் தயாரித்த நிறுவனமும் உரிமம் விற்ற நிறுவனமும் 4 கோடி டொலர் கொடுத்துச் சமாதானமாயின. நின்றுபோயிருந்த கல்லூரிக் கால்பந்து ஆட்டம் 2024-இல் திரும்ப வந்தபோது, சம்மதித்த வீரர்களுக்கு ஆளுக்கு 600 டொலர் கிடைத்தது.

நம் பக்கத்து நீதிமன்றங்களின் போக்கு வேறு. ரஜினிகாந்தின் பெயரைச் சுமந்த இந்திப் படத்தைச் சென்னை உயர் நீதிமன்றம் 2015-இல் தடுத்தது. வழக்குத் தொடுத்தவராகப் பத்திரத்தில் இருந்த பெயர் சிவாஜி ராவ் கெய்க்வாட். ஊர் கொடுத்த பெயருக்காக வீட்டார் வைத்த பெயர் நீதிமன்றம் ஏறியது! ஆனால் கிரிக்கெட் வீரர்கள் போனபோது கதை மாறியது. வீரர்களின் பெயர்களையும் படங்களையும் உரிமம் பெற்று மின்னணு அட்டைகளாக விற்ற ராரியோ நிறுவனத்தோடு முகமது சிராஜ், அர்ஷ்தீப் சிங் உள்ளிட்ட வீரர்களும் சேர்ந்து, உரிமம் பெறாமல் அதே வீரர்களின் பெயர்களையும் வரைபடங்களையும் பயன்படுத்திய போட்டி ஆட்டத்துக்கு எதிராக டில்லி உயர் நீதிமன்றத்துக்குச் சென்றார்கள். 2023 ஏப்ரல் 26 அன்று நீதிபதி அமித் பன்சால் இடைக்காலத் தடை கொடுக்க மறுத்தார். வீரரின் பெயரும் ஓட்டக் கணக்கும் பொதுவெளியில் உள்ள தகவல்கள், அவற்றைப் பயன்படுத்துவது கருத்துச் சுதந்திரத்துக்குள் அடங்கும், வீரரே அந்தப் பண்டத்தைப் பரிந்துரைக்கிறார் என்று ஏமாற்றாதவரை தவறில்லை என்பது அவர் கண்ட முடிவு.

பத்திரிகைக்காரனாக எனக்கு அந்தத் தீர்ப்பு இனிக்கத்தான் வேண்டும். ஒரு விளையாட்டு வீரனின் பெயரை எழுத அவனிடம் அனுமதிச் சீட்டு வாங்கும் நிலை வந்தால் எங்கள் பிழைப்பு என்னாவது? ஆனாலும் முழுமையாக மகிழ முடியவில்லை.

காரணம் என் தாத்தா. 1949-ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தின் கீழ் அவர் விண்ணப்பித்தபோது தோட்டத்துச் செக்ரோலில் அவர் பெயர் வேலன், அரிசிக் கூப்பனில் வேலுசாமி. இருவரும் ஒருவர்தானா என்று கேட்டார்கள். பெயர்களை எழுதியவர் யாரோ ஒரு கணக்கப்பிள்ளை, பதில் சொல்ல வேண்டியவரோ கைநாட்டு வைக்கும் தாத்தா. விண்ணப்பம் தள்ளுபடியாயிற்று. நாடற்றவராகவே இறந்தார்.

முரளியின் தாத்தாவும் தேயிலைத் தோட்ட வேலைக்குத் தென்னிந்தியாவிலிருந்து வந்தவர்தான். தமிழில் 'முரளிதரன்' என்று எழுதினால் குழப்பமே இல்லை. இடையில் வரும் தகரத்தை மெலிதாகத்தான் உச்சரிக்கிறோம். ஆங்கிலத்தில் அதை இருபதாவது எழுத்தால் யாரோ தொடங்கிவைக்க, உலகமே அதைப் பிடித்துக்கொண்டது. அவர் விரும்பியது நான்காவது எழுத்தை. 2007-இல் இலங்கை–அவுஸ்திரேலியக் கிண்ணத்துக்கு வோர்னின் பெயரோடு அவர் பெயரையும் சூட்டியபோது அவர் விரும்பியபடியே எழுதினார்கள். அதே ஆண்டு டிசம்பர் 3-ஆம் திகதி கண்டி அஸ்கிரியவில் அவர் வோர்னின் 708-ஐக் கடந்த அன்று, அஞ்சல் முத்திரையிலும் அந்த எழுத்தே இருந்தது. எனினும் ஓட்டப் பட்டியல்களும் தொலைக்காட்சிகளும் பழைய எழுத்தை விடவில்லை. உரிமம் இல்லாத ஆட்டம் காசை மிச்சம் பிடிக்கப் பெயரைக் குலைத்தது. எல்லா உரிமமும் உள்ளவர்கள் யாரும் கேட்காமலே பிழையாக எழுதினார்கள்.

இதெல்லாம் அன்று நல்லதண்ணியில் எனக்கு நினைவுக்கு வரவில்லை. இருபது வருடம் செய்தி எழுதிய பழக்கத்தில், சற்றும் யோசிக்காமல் இருபதாவது எழுத்தைக் காட்டினேன். பையன் நம்பித் தட்டினான். அவன் ஆடிய வட்டே களவு நகல் என்பது உறையைப் பார்த்தால் தெரிந்தது, ஆனாலும் பெயர் மட்டும் சரியாக இருக்க வேண்டும் அவனுக்கு.

அந்த ஆண்டு ஜூலை 22 அன்று காலியில் முரளி 800-ஆவது விக்கெட்டை எடுத்தார். அலுவலகத் தொலைக்காட்சியில் அவர் பெயரைப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. கடையின் தொலைபேசி இலக்கத்தைத் தேடினேன், குறித்து வைத்திருக்கவில்லை. மறுவருடப் பருவகாலத்தில் போனபோது அந்த இடத்தில் பேரீச்சம்பழமும் முஸ்கட்டும் விற்றுக்கொண்டிருந்தார்கள். கணினி யாரிடம் போயிற்று என்று கேட்டேன். மஸ்கெலியாவுக்கு என்றார் ஒருவர், கொழும்புக்கு என்றார் இன்னொருவர்.