குருதிக்குழல் நுண்தையல்

குருதிக்குழல் நுண்தையல் என்பது ஏறத்தாழ 1 முதல் 2 மில்லிமீட்டர் விட்டமுடைய தமனிகளையும் சிரைகளையும் நுண்நோக்கியின் கீழ் ஊசி, நூல் கொண்டு இணைக்கும் அறுவை நுட்பம் ஆகும். துண்டான விரல்களை மீண்டும் பொருத்துவதற்கு இதுவே அடிப்படை. ஒரு தையல் பிழைத்தாலும் குருதி உறைந்து குழல் அடைபடக்கூடும். எனவே இது முதலில் பயிற்சிக்கூடத்தில் கற்பிக்கப்படுகிறது.

வரலாறு

பிரான்சு நாட்டின் லியோன் நகரைச் சேர்ந்த அலெக்சிசு காரெல், பூத்தையல் கலைஞர் ஒருவரிடம் நுண்ணிய தையலைக் கற்றார். குழல் வாயை மூன்று தையல்களால் முக்கோணமாக இழுத்துப் பிடித்துத் தைக்கும் முறையை 1902இல் வெளியிட்டார். 1912இல் நோபல் பரிசு பெற்றார். 1960இல் அமெரிக்காவில் சூலியசு சேக்கப்சன், எர்னசுட்டோ சுவாரசு ஆகியோர் நுண்நோக்கியின் கீழ்ச் சிறு குழல்களை இணைத்தனர். 1965இல் சப்பானில் கொமாட்சு, தமாய் ஆகியோர் முற்றிலும் துண்டான கட்டைவிரலை மீண்டும் பொருத்தினர்.

கருவிகள்

விரல் தமனிகளுக்குப் பெரும்பாலும் 10-0 அளவு நைலான் நூல் பயன்படுகிறது. இதன் தடிமன் 20 முதல் 29 மைக்ரோமீட்டர். தலைமுடியைவிட மிக மெல்லியது. கடிகாரம் பழுதுபார்ப்போர் கையாளும் வகையைச் சேர்ந்த கூர்நுனி இடுக்கிகள், ஊசிப்பிடிப்பான், நுண்கத்தரி, இரட்டைக் கவ்வி ஆகியன பிற கருவிகள்.

தைக்கும் முறை

- நசுங்கிய பகுதியை வெட்டி நீக்கி, இரு முனைகளையும் இரட்டைக் கவ்வியில் இழுவிசை இன்றிப் பொருத்த வேண்டும்.
- முனையில் தொங்கும் வெளியுறையைக் கத்தரிக்க வேண்டும். அது உள்ளே நுழைந்தால் குருதி உறையும்.
- குழலின் உட்புறத்தை ஹெப்பாரின் கலந்த உப்புநீரால் கழுவ வேண்டும். உள்ளுறையை இடுக்கியால் பிடித்தல் கூடாது.
- முதல் இரு தையல்களை ஏறத்தாழ 120 பாகை இடைவெளியில் இட வேண்டும். அப்போது பின்சுவர் விலகித் தொங்கும். ஊசி அதனைக் குத்தும் வாய்ப்பு குறையும்.
- முன்சுவரை முடித்தபின் கவ்வியைத் திருப்பிப் பின்சுவரைத் தைக்க வேண்டும். 1 மில்லிமீட்டர் தமனிக்கு ஏறத்தாழ 8 தையல்கள் போதும்.

கவ்வியை அகற்றியபின், இணைப்பைத் தாண்டிய பகுதியை இரு இடுக்கிகளால் பிடித்துக் குருதியை வழித்து வெறுமையாக்குவர். பின்னர் இணைப்பை ஒட்டிய இடுக்கியை மட்டும் திறப்பர். உடனே குருதி நிரம்பினால் குழல் திறந்துள்ளது எனக் கொள்ளலாம். இச்சோதனை குழலின் உட்சுவரைக் காயப்படுத்தக்கூடும் என்பதால் மிகக் குறைவாகவே செய்யப்படும்.

பயிற்சி

தொடக்கப் பயிற்சி ரப்பர் கையுறைத் துண்டில் முடிச்சிடுவதில் தொடங்கும். அடுத்து சிலிக்கான் குழாய், பின்னர் கடையில் வாங்கும் கோழிக்காலின் தமனி. பின்சுவரையும் சேர்த்துத் தைத்துவிடுவது தொடக்கநிலையினரின் பொதுவான பிழை. இணைப்பை நீளவாக்கில் வெட்டி உட்புறத்தைப் பார்த்தால் இது தெரியும்; நோயாளியிடம் அவ்வாறு வெட்டிப் பார்க்க இயலாது. குருதி ஓடும் குழலில் பயில எலியின் தொடைத் தமனி பயன்படுகிறது. இந்தியாவில் இதற்கு 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் ஒப்புதல் தேவை.

தமிழ்நாட்டில்

சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் ஆர். வெங்கடசாமி கை அறுவைப் பிரிவை வளர்த்தெடுத்தார். 1978இல் தொடங்கப்பட்ட கோயம்புத்தூர் கங்கா மருத்துவமனையில் எஸ். ராஜசபாபதி தலைமையிலான பிரிவு, துண்டான உறுப்புகளைப் பொருத்துவதில் உலக அளவில் அறியப்பட்டது.

தூத்துக்குடி போன்ற துறைமுக ஊர்களில் விசைப்படகின் வின்ச், இரும்புக் கயிறு, சரக்குப் பொறிகள் ஆகியவற்றில் விரல்கள் சிக்கும் இடர் உண்டு. அங்கிருந்து கோயம்புத்தூர் 300 கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ளது. துண்டான விரல் குளிரூட்டப்படாவிடில் ஏறத்தாழ 12 மணி நேரமும், குளிரூட்டப்பட்டால் 24 மணி நேரமும் தாங்கும். தசை மிகுந்த கைக்கு இக்காலம் முறையே 6, 12 மணி நேரம் மட்டுமே. துண்டான பகுதியை உப்புநீரில் நனைத்த தூய துணியில் சுற்றி, நீர் புகாத பையில் இட்டு, அப்பையைப் பனிக்கட்டியும் நீரும் கலந்த கலத்தில் வைக்க வேண்டும். பனிக்கட்டி நேரடியாகப் பட்டால் திசு உறைந்து, தைத்தும் பயனில்லாமற் போகும்.