இரத்தம் உறைவதைக் கண்ணாடி விரியனிடம் கற்ற கதை

கையில் பிளேடு கீறினால் இரத்தம் வருகிறது. கொஞ்ச நேரம் அழுத்திப் பிடித்தால் நின்றுவிடுகிறது. இது எப்படி நடக்கிறது என்று கண்டுபிடித்த வரலாற்றில் நம்ம ஊர்ப் பாம்பு ஒன்றுக்கும் பங்கு உண்டு. கீரனூர்ப் பக்கம் வயல் வேலைக்குப் போகிறவர்கள் பயப்படும் கண்ணாடி விரியன்தான் அது!

முதலில் உடம்புக்குள் நடப்பதைப் பார்ப்போம். இரத்தக் குழாய் அறுந்ததும் சுருங்குகிறது. உடனே தட்டணுக்கள் வந்து ஒட்டி, ஒன்றோடொன்று சேர்ந்து ஓட்டையை அடைக்கின்றன. இதை 1882ல் விளக்கியவர் இத்தாலியின் ஜூலியோ பிட்சோசெரோ. ஆனால் இந்த அடைப்பு மட்டும் நிற்காது. இரத்தத்தில் உள்ள உறைகாரணிகள் ஒன்றையொன்று தூண்டி, கடைசியில் ஃபைப்ரினோஜன் என்ற புரதத்தை ஃபைப்ரின் இழைகளாக மாற்றுகின்றன. அந்த இழைகள் வலைபோலப் பின்னி அடைப்பைக் கெட்டியாக்குகின்றன.

இனி பாம்புக்கு வருவோம். கிழக்கிந்தியக் கம்பெனியில் வேலை பார்த்த மருத்துவர் பேட்ரிக் ரஸ்ஸல், சோழமண்டலக் கரையின் பாம்புகளைப் பற்றி 1796ல் படங்களோடு ஒரு நூல் வெளியிட்டார். கண்ணாடி விரியனின் ஆங்கிலப் பெயரில் இருப்பது இவர் பெயர்தான்.

1934ல் லண்டனில் மாக்ஃபார்லேன், பார்னெட் என்ற இருவர் இந்தப் பாம்பின் நஞ்சை மிகவும் நீர்க்கச் செய்து, இரத்தம் உறையாத ஹீமோபீலியா நோயாளிகளின் காயத்தில் வைத்துப் பார்த்தார்கள். இரத்தம் உறைந்தது! காரணம் பின்னால்தான் தெரிந்தது. ஹீமோபீலியாவில் குறைவது 8ஆம் அல்லது 9ஆம் காரணி. நஞ்சோ அவற்றைத் தாண்டிப் போய் 10ஆம் காரணியை நேரடியாகத் தூண்டிவிடுகிறது. இதே மாக்ஃபார்லேன்தான் 1964ல் உறைகாரணிகளின் சங்கிலித்தொடரை வரைந்து காட்டினார்.

அப்படியானால் விரியன் கடித்தவருக்கு ஏன் இரத்தம் நிற்பதில்லை? உடம்பு முழுக்க நஞ்சு பரவி, காரணிகளையெல்லாம் வீணாகத் தூண்டித் தீர்த்துவிடுகிறது. மதகைத் திறந்துவிட்ட கண்மாய் மாதிரி. தேவைப்படும்போது சொட்டுகூட மிச்சமில்லை. ஈறிலும் சிறுநீரிலும்கூட இரத்தம் வரும்.

இதைக் கண்டுபிடிக்கும் சோதனை மிக எளிது. சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் 2 மி.லி. இரத்தம் எடுத்து, 20 நிமிடம் அசைக்காமல் வைத்துச் சாய்த்துப் பார்க்கிறார்கள். உறையாமல் ஓடினால் நஞ்சு வேலை செய்கிறது என்று பொருள். உடனே நஞ்சுமுறி மருந்து தர வேண்டும். அந்த மருந்து தயாரிக்கவும் பாம்பு நஞ்சுதான் தேவை. மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் 1978ல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் அதை எடுத்துக் கொடுத்து வந்திருக்கிறது. 2024 நவம்பரில் தமிழக அரசு பாம்புக்கடியை, மருத்துவமனைகள் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவித்தது.

நண்பர்களே, இந்த வரலாற்றில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. கடிவாயைக் கீறிவிட்டால் நஞ்சு வெளியேறும் என்று இன்றும் கிராமங்களில் சொல்கிறார்கள். உறையும் சக்தியை இழந்த உடம்பில் கீறினால் அந்த இரத்தத்தை யார் நிறுத்துவது? கீறவும் வேண்டாம், கயிற்றால் இறுக்கிக் கட்டவும் வேண்டாம். கடிபட்ட கை காலை அசைக்காமல் வைத்து, 108ஐ அழைத்து, அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். வீட்டிலும் சொல்லிவையுங்கள்.