கைநாட்டும் கணக்கும்

தமிழில் 'கைநாட்டு' என்பது பாதி வசைச்சொல். 'அவன் கைநாட்டு ஆளு' என்றால் போதும், அவனுக்குப் படிக்கத் தெரியாது, ஏமாற்றுவது சுலபம், பேச்சில் மதிப்பில்லை என்று எல்லாம் சேர்ந்து வந்துவிடும். தோட்டத்துச் சம்பளப் பட்டியலில் மை தொட்டு விரல் வைத்த நம் பாட்டன்கள் அந்தச் சொல்லின் சூட்டை அறிந்தவர்கள். பேரப்பிள்ளைகள் கையெழுத்துப் போட வேண்டும் என்பதற்காகவே அவர்கள் பள்ளிக்கூடம் கேட்டுப் போராடினார்கள். இப்போது பாருங்கள், இந்நாட்டில் 12 வயதைத் தாண்டிய அத்தனை பேரும் கைநாட்டு ஆட்கள்தான். பேராசிரியர், டத்தோ, வங்கி மேலாளர் என யாரும் விலக்கல்ல. மைகார்டு சில்லுக்குள் இரண்டு கட்டைவிரல் ரேகைகளும் உட்கார்ந்திருக்கின்றன.

வரி ஏய்ப்புப் பற்றிப் பேச்சு வந்தால் என் நண்பர்கள், குறிப்பாக என்னைப் போன்ற பொறியியல் பட்டதாரிகள், சட்டென ஒரு தீர்வைச் சொல்வார்கள். 'எல்லாத்தையும் ஐசியோட கட்டிடு. விரல் வெச்சாதான் பணம் நகரும்னு ஆக்கிடு. அப்புறம் எவன் ஏய்ப்பான்?' கேட்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒருவர் யார் என்று அறிவதும், அவர் எவ்வளவு சம்பாதித்தார் என்று அறிவதும் ஒன்றுதானா? இந்தக் கேள்விக்குத் தொழில்நுட்பத்தைவிட வரலாறு தெளிவாகப் பதில் சொல்கிறது.

விரல்ரேகை அரசாங்கக் கருவியானது வங்காளத்தில். 1858-இல் ஜங்கிப்பூரில் வில்லியம் ஹெர்ஷெல் என்ற ஆங்கில அதிகாரி, சாலைபோடப் பொருள் தர ஒப்புக்கொண்ட ராஜ்யதர் கோனாய் என்பவரின் உள்ளங்கையில் மை பூசி ஒப்பந்தத் தாளில் பதித்தார். 'அது என் கையெழுத்தே இல்லை' என்று பின்னால் மறுத்துவிடக் கூடாது என்பதுதான் நோக்கம். 1877-இல் ஹூக்ளியில் நீதிபதியாக இருந்தபோது அதே முறையை ஓய்வூதியத்துக்கும் பத்திரப் பதிவுக்கும் கொண்டுவந்தார். ஓய்வூதியக்காரர் இறந்த பிறகும் வேறொருவர் வந்து பணம் வாங்கிப் போவதைத் தடுக்க வேண்டியிருந்தது. 1897-இல் கல்கத்தாவில் விரல்ரேகைப் பிரிவு தொடங்கியது. அதன் வகைப்படுத்தும் முறையைக் கட்டியெழுப்பிய அஸிஸுல் ஹக், ஹேம் சந்திர போஸ் இருவரையும் விட்டுவிட்டு எட்வர்ட் ஹென்றியின் பெயரே அம்முறைக்கு நிலைத்தது.

கவனித்தீர்களா, தொடக்கத்திலேயே இந்தக் கருவி செய்த வேலை ஒன்றுதான். வந்து நிற்பவர் அவரேதானா என்று பார்ப்பது. அரசிடம் பணம் வாங்க வருபவரைச் சோதிக்க அது அருமையான கருவி. அரசுக்குப் பணம் தராமல் ஒதுங்கிப் போகிறவர் விரல் வைக்க வருவதே இல்லையே.

மலாயாவுக்கு வருவோம். இங்கே காலனி அரசு நெடுங்காலம் யார் எவ்வளவு சம்பாதிக்கிறார் என்று கேட்டதே இல்லை. கேட்க வேண்டிய அவசியம் இல்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நீரிணைக் குடியேற்றங்களின் வருவாயில் ஏறக்குறைய பாதி அபினியிலிருந்து வந்தது. சீனக் கூலிகள் அபினி புகைத்தார்கள், தமிழ்க் கூலிகள் கள்ளுக்கடையில் நின்றார்கள், கஜானா நிறைந்தது. அபினி வரி வசூலிக்க அடையாள அட்டை தேவையில்லை. உடல்வலியே வரி வசூலிப்பவராக இருந்தது. போர்க்காலங்களில் தற்காலிகமாக வருமானத்தின் மேல் வரி போட்டுப் பார்த்தார்கள். வணிகர்கள் முணுமுணுத்தார்கள். போர் முடிந்ததும் அது போனது.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் அபினி விற்பனையைத் தொடர முடியவில்லை. வருவாய்க்கு வேறு வழி வேண்டும். வணிக அமைப்புகளின் கடும் எதிர்ப்பை மீறி 1948 ஜனவரி 1-இல் மலாயாவிலும் சிங்கப்பூரிலும் வருமான வரி நடைமுறைக்கு வந்தது. பிப்ரவரியில் மலாயா கூட்டரசு பிறந்தது. அதன் குடியுரிமை விதிகள் தோட்டத்துத் தமிழர்களில் பெரும்பகுதியை வெளியே நிறுத்தின. ஜூனில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. அதைத் தொடர்ந்து 12 வயதுக்கு மேற்பட்ட அனைவருக்கும் புகைப்படமும் பெருவிரல் ரேகையும் கொண்ட அடையாள அட்டை கட்டாயமானது.

வருமான வரியும் அடையாள அட்டையும் இந்நாட்டில் ஒரே ஆண்டுப் பிள்ளைகள். ஆனால் அவை ஒன்றை ஒன்று பார்த்துக்கொள்ளவில்லை. அட்டையின் கண் காட்டையும் தோட்டத்தையும் நோக்கியிருந்தது. கம்யூனிஸ்டுகளுக்கு அது நன்றாகப் புரிந்திருந்தது. அதனால்தான் மக்களிடமிருந்து அட்டைகளைப் பிடுங்கி அழித்தார்கள். 1950-க்குப் பிறகு பிரிக்ஸ் திட்டத்தின் புதுக்கிராமங்களில் முள்வேலி வாசலைக் கடக்கவும் அட்டைதான், உணவுப் பங்கீட்டுக்கும் அட்டைதான். வருமான வரியோ நகரத்து அலுவலகங்களில், கணக்கர்கள் எழுதிய பேரேடுகளோடு தன்பாட்டுக்கு நடந்தது. அதற்குத் தனிக் கோப்பு எண். விரல் கேட்கப்பட்டது ஏழையிடம், கணக்கு கேட்கப்பட்டது பணக்காரனிடம். விரலை மறுக்க ஏழைக்கு வழியில்லை. கணக்கை எழுதப் பணக்காரனுக்கு ஆள் இருந்தது.

இதில் ஒரு முரண் உண்டு. தோட்டத் தொழிலாளி தன் வருமானத்தை மறைக்க நினைத்தாலும் முடியாதவர். விடியலில் பெரட்டுக்குப் போய் நின்றால் பெயர் செக்ரோலில் ஏறும். எத்தனை நாள் வந்தார், எவ்வளவு பால் எடுத்தார், எவ்வளவு கூலி என்று கிராணி எழுதிவைத்தார். அந்தக் கூலி வரி வரம்பைத் தொட்டதில்லை என்பது வேறு கதை. முழுமையாகக் கணக்கு வைக்கப்பட்டவர், வரி கட்டும் அளவுக்குச் சம்பாதிக்காதவர். சம்பாதித்த முதலாளிக்குச் செக்ரோல் எழுத யாரும் இல்லை.

அட்டையும் வரியும் நெருங்க நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆனது. 1990-இல் பிறந்த தேதியோடு தொடங்கும் 12 இலக்க எண் வந்தது. 1995-இல் மாதச் சம்பளத்திலிருந்தே வரி பிடிக்கும் பி.சி.பி. வந்தது. 1996-இல் வரித்துறை வாரியமானது. 2001 செப்டம்பரில் மைகார்டு வந்தபோது, விரல்ரேகையைச் சில்லில் வைத்த உலகின் முதல் தேசிய அட்டை என்று பெருமை பேசினோம். நான் அப்போது சின்னப் பையன். மல்டிமீடியா பெருவழியைப் பற்றிப் பள்ளியில் படம் வரைந்த தலைமுறை எங்களுடையது. 2004-இல் தனிநபர்கள் தங்கள் வரியைத் தாங்களே கணக்கிட்டுச் சொல்லும் முறை வந்தது. 2006-இல் அதை இணையத்தில் நிரப்பலாம் என்றானது.

இந்த வரிசையில் விரல் எங்கே வேலை செய்தது? வங்கிக் கணக்கு திறக்கையில், சேமநிதிப் பணம் எடுக்கையில் விரல் வைக்கிறோம். வரிப் படிவத்துக்குக் கடவுச்சொல் போதும். வரித்துறைக்குப் பயன்பட்டது அந்த 12 இலக்க எண்தான். என் தொழில் மொழியில் சொன்னால், பல அட்டவணைகளைக் கோக்க ஒரு சாவி எண் வேண்டும். ஒரே ஆளுக்கு இரண்டு சாவி இல்லை என்று உறுதிப்படுத்துவது விரலின் பங்கு. அத்தோடு அதன் வேலை முடிந்தது. சாவி சரியாக இருந்தாலும், அட்டவணையில் எவரும் எழுதாத வருமானத்தை அது திறந்து காட்டாது.

நான் முதலில் வேலைக்குச் சேர்ந்த தொழிற்சாலையில் வருகைப் பதிவுக்கு விரல்ரேகைக் கருவி வைத்தார்கள். ஒருவருக்காக இன்னொருவர் கார்டு தட்டுவது அன்றோடு நின்றது. சும்மா சொல்லக்கூடாது, அந்த வேலையைக் கருவி சுத்தமாகச் செய்தது. ஆனால் விரல் வைத்துவிட்டு கேண்டீனில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தால் அதற்குத் தெரியாது. இன்னொன்றும் நடந்தது. கரைப்பானில் பாகங்களைக் கழுவும் ஒப்பந்தத் தொழிலாளிகளின் ரேகைகள் தேய்ந்திருந்தன. தினமும் ஏழெட்டு முறை வைத்துப் பார்ப்பார்கள், சிவப்பு விளக்குதான் எரியும். மேலாளரின் விரல் ஒருமுறைகூடத் தவறியதில்லை. உணர்திறனைக் கூட்டினால் உண்மையான ஆள் வெளியே நிற்பார், குறைத்தால் போலி ஆள் உள்ளே வருவார். நடுவில் எங்கே கோடு போடுவது என்பதை யாரோ ஒருவர் அறைக்குள் உட்கார்ந்து முடிவு செய்கிறார்.

இந்தியா இதையெல்லாம் நம்மைவிடப் பெரிய அளவில் செய்து பார்த்தது. 2010 செப்டம்பரில் முதல் ஆதார் எண் வழங்கப்பட்டது. 2017-இல் வருமான வரிச் சட்டத்தில் 139ஏஏ பிரிவைச் சேர்த்து, வரிக்கான பேன் எண்ணை ஆதாரோடு இணைப்பதைக் கட்டாயமாக்கினார்கள். ஒரே ஆள் பல பேன் எண்களை வைத்துக்கொண்டு கருப்புப் பணத்தை ஓட்டுகிறார் என்பது அரசின் வாதம். 2018 செப்டம்பரில் உச்ச நீதிமன்றத்தின் பெரும்பான்மைத் தீர்ப்பு இந்த இணைப்பை ஏற்றுக்கொண்டது. தனியார் நிறுவனங்கள் ஆதார் கேட்பதற்கும் வங்கிக் கணக்கோடு கட்டாயமாக இணைப்பதற்கும் அதே தீர்ப்பு தடை போட்டது.

2017 ஜூலை வரை 11.44 லட்சம் பேன் எண்களை நீக்கியதாக அரசு நாடாளுமன்றத்தில் சொன்னது. பெரிய எண்தான். ஆனால் அப்போது வழங்கப்பட்டிருந்த பேன் எண்கள் 24 கோடிக்கும் மேல். நூற்றுக்கு அரைகூட வரவில்லை. இரண்டு எண் வைத்திருந்தவர் எல்லாரும் திருடர் என்றும் சொல்லிவிட முடியாது. நிறுவனங்களுக்கும் பேன் உண்டு, அவற்றுக்கு விரல் கிடையாது. ஓர் உறை நிறுவனத்தின் கட்டைவிரலை எந்தக் கருவியில் வைப்பது?

இதற்கு நேர் எதிரான ஓர் உதாரணம் டென்மார்க். அங்கே 1968 முதல் எல்லாருக்கும் ஒரு குடிமக்கள் எண் உண்டு. அந்த எண்ணுக்கு விரல்ரேகை தேவைப்படவில்லை. அங்குள்ள 40,000-க்கும் மேற்பட்ட வரிதாரர்களின் கணக்குகளைத் தோண்டிப் பார்த்த ஆய்வு 2011-இல் வெளியானது. முதலாளியோ வங்கியோ நேரடியாக வரித்துறைக்குச் சொல்லிவிடும் வருமானத்தில் ஏய்ப்பு கிட்டத்தட்ட இல்லை. தானே சொல்லவேண்டிய வருமானத்தில்தான் கை நீள்கிறது. டேனிஷ்காரர் ஒழுக்கசீலர் என்று பொருளில்லை. அவருடைய வருமானத்துக்கு இரண்டாவது சாட்சி இருந்தது. நம் செக்ரோல் செய்ததும் அதைத்தான்.

சாட்சி இல்லாத இடத்தில் விரல் என்ன செய்யும் என்பதை நான் ஒரு மாமாவிடம் பார்த்தேன். எங்கள் குடும்பத்துக்கு வேண்டப்பட்டவர், லாரி ஓட்டியவர். அவருடைய முதலாளி ஒருநாள், 'ஐசி குடு, ரெண்டு எடத்துல சைன் போடு, மாசம் முன்னூறு கூடத் தாரேன்' என்றிருக்கிறார். மாமா ஒரு கம்பெனியின் இயக்குநரானார். பேப்பரில் பெரும்பான்மைப் பங்குதாரரும் அவரே. வங்கியில் கணக்கு திறக்க விரல் வைத்தார், பச்சை விளக்கு எரிந்தது. சில ஆண்டுகள் கழித்து வந்த வரிக் கடிதத்தை வாசித்துக் காட்ட என்னைக் கூப்பிட்டார். வருமான வரிச் சட்டத்தின் 75ஏ பிரிவு, கம்பெனி கட்டாத வரிக்கு இயக்குநரைத் தனிப்பட்ட முறையில் பொறுப்பாக்குகிறது. 'தம்பி, இவ்ளோ காச நான் கண்ணாலகூட பாத்ததில்லையே' என்றார். முதலாளியின் தொலைபேசி அதற்குள் அடங்கியிருந்தது.

அந்தக் கம்பெனியின் ஆவணங்களில் ஒரு போலிகூட இல்லை. ஐசி அசல், கையெழுத்து அசல், ரேகை அசல். ஹெர்ஷெல் பார்த்திருந்தால் மகிழ்ந்திருப்பார், ஏனென்றால் மாமாவால் எதையும் மறுக்க முடியாது. பழைய கைநாட்டுக்காரருக்காவது 'எனக்குப் படிக்கத் தெரியாதுங்க, எதில் வைக்கிறோம்னு தெரியாம வச்சுட்டேன்' என்று சொல்ல ஒரு வழி இருந்தது. அலி பாபா வணிகம் என்று நாம் சிரித்துக்கொண்டே சொல்வதும், ஏழைகளிடம் வங்கிக் கணக்கை வாடகைக்கு எடுக்கும் இன்றைய மோசடியும் இதே வகைதான். உண்மையான விரல்களைக் கொண்டு கட்டிய பொய்கள். சோதனை இறுக இறுக, உண்மையான விரலுக்கு விலை ஏறுகிறது. விற்பவர் எப்போதும் பணம் தேவைப்படுகிறவர்.

இதற்கு வெளியே இன்னொரு கூட்டமும் இருக்கிறது. பிறப்புப் பத்திரம் இல்லாததால் ஐசி கிடைக்காமல் இங்கேயே பிறந்து இங்கேயே முதுமையடைந்த தமிழர்கள். அவர்களுக்கு வங்கிக் கணக்கு எளிதில் கிடைக்காது, கூலி கைக்காசு. எந்தத் தரவுத்தளத்திலும் அவர்கள் வரிதாரர் இல்லை. ஆனால் 2015 ஏப்ரலில் 6 விழுக்காடு ஜி.எஸ்.டி. வந்தபோது அவர்களும் கட்டினார்கள். கடைக்காரர் ஐசி கேட்கவில்லை. அபினிக் காலத்துத் தர்க்கம்தான். வாங்கும்போது அரசுக்கு அவரைத் தெரியும், உரிமை கேட்கும்போது தெரியாது.

2024-இல் இரண்டு மாற்றங்கள் வந்தன. ஏப்ரலில் நடப்புக்கு வந்த நிறுவனச் சட்டத் திருத்தம், ஒரு கம்பெனியின் பின்னால் இருந்து உண்மையில் பயனடைபவர் யார் என்று பதிவு செய்யச் சொல்கிறது. ஆகஸ்டில் பெரிய நிறுவனங்களிலிருந்து தொடங்கிய இ-இன்வாய்ஸ், ஒவ்வொரு விற்பனைக்கும் வரித்துறையையே சாட்சியாக்குகிறது. இரண்டுக்கும் மையமாக விரல்ரேகை இல்லை. இரண்டும் கேட்பது வேறு கேள்வி: பணம் யாரிடமிருந்து யாருக்குப் போனது? 1948-லேயே கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. ஆனாலும் பயனடைபவர் யார் என்பதைக் கம்பெனிதான் எழுதிக் கொடுக்கிறது. அந்த இடத்தில் மாமாவின் பெயரையே மறுபடி எழுதினால் யார் போய்ச் சரிபார்ப்பார்கள்?

அடுத்த முறை முகத்தையோ கண்ணையோ காட்டினால் வரி ஏய்ப்பு ஒழியும் என்று யாராவது சொன்னால், அந்தக் கருவிமுன் யார் வரிசையில் நிற்பார்கள் என்று கேளுங்கள். மாமா நிற்பார். இப்போதும் மாதாமாதம் தவணை கட்ட வரிசையில்தான் நிற்கிறார்.