தீவு தந்த பெயர்

வேம்பார்க் கடலில் இரண்டு தீவுகளுக்குத் தண்ணீரே பெயர் தந்திருக்கிறது: நல்லதண்ணித் தீவு, உப்புத்தண்ணித் தீவு. ‘இன்சுலின்’ என்ற சொல்லின் கதை இதற்கு நேர்மாறு. அங்கே ஊறும் நீருக்குத் தீவு பெயர் தந்தது. லத்தீனில் ‘இன்சுலா’ என்றால் தீவு.

1869-இல் பெர்லினில் 21 வயது மாணவர் பால் லாங்கர்ஹான்ஸ், கணையத்தை நுண்ணோக்கியில் பார்த்தார். மற்றவற்றிலிருந்து வேறுபட்ட சிறுசிறு செல் கூட்டங்கள் ஆங்காங்கே தெரிந்தன. அவற்றின் வேலை அவருக்குப் பிடிபடவில்லை. 1893-இல் பிரான்சின் லகெஸ் அவற்றை ‘லாங்கர்ஹான்ஸ் தீவுகள்’ என்றழைத்தார். அங்கே ஏதோ சுரக்கிறது என்று நம்பி, 1909-இல் டி மேயர் அதற்கு ‘இன்சுலின்’ என்று பெயரிட்டார். பொருள் கைக்கு வந்தது 1921-22-இல், டொராண்டோவில். பிள்ளை பிறக்குமுன்பே பேர் வைத்தாயிற்று.

தமிழில் அந்தத் தீவுகள் நம் பாடநூலில் ‘திட்டுகள்’, இலங்கையில் ‘சிறுதீவுகள்’. நம் ‘கணையம்’ அக்கரையில் ‘சதையி’. பழந்தமிழில் கணையம் என்பது கோட்டைக் கதவுக்குக் குறுக்கே போடும் மரம். இரைப்பைக்குப் பின்னால் குறுக்காகக் கிடக்கும் உறுப்புக்குப் பொருத்தமான பெயர். சதையியோ, ‘முழுதும் சதை’ என்னும் கிரேக்கப் பெயரின் வழி வந்தது. இரண்டும் தோற்றத்தைச் சொல்கின்றன, வேலையைச் சொல்லவில்லை.

வேலையைச் சொன்ன பெயர் 1902-இல் வந்தது. உணவு வந்த சேதியைக் கணையத்துக்கு நரம்புதான் சொல்கிறது என்று அதுவரை நம்பினார்கள். லண்டனில் பேலிஸும் ஸ்டார்லிங்கும் ஒரு நாயின் குடல் நரம்புகளை அறுத்துவிட்டு, அங்கே அமிலத்தைச் செலுத்தினார்கள். அப்போதும் கணையநீர் சுரந்தது. குடற்சுவர் ரத்தத்தில் அனுப்பிய தூதுக்கு, சுரக்க வைப்பது என்ற பொருளில் ‘செக்ரிட்டின்’ என்று பெயரிட்டார்கள். 27 அமினோ அமிலங்கள் கோத்த பெப்டைடு அது. அது வந்தால் கணையம் காரநீரை அனுப்பி இரைப்பை அமிலத்தைத் தணிக்கும். மீன்குழம்பின் எண்ணெயும் புரதமும் குடலுக்கு இறங்கினால் புறப்படும் தூது ‘கோலிசிஸ்டோகைனின்’. பித்தப்பையை அசைப்பது என்று பொருள். அது கணையத்தின் செரிமான நொதிகளையும் வரவழைக்கும். இத்தகைய தூதுகளுக்குப் பொதுப்பெயராக, தூண்டுவது என்னும் கிரேக்கச் சொல்லிலிருந்து 1905-இல் ஸ்டார்லிங் ‘ஹார்மோன்’ என்பதை எடுத்தார். அக்கரையில் அது ‘ஓமோன்’.

கணையத்தில் திட்டுகள் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்குதான். மற்ற இடத்தில் ஊறும் செரிமான நீர் குழாய் வழியே குடலுக்குப் போகிறது. திட்டுக்குக் குழாய் கிடையாது. ஊறுவது நேரே ரத்தத்தில் கலக்கும். அந்த ஊற்று வற்றியவர்களுக்கு இன்சுலின் ஊசி. தண்ணீர் இல்லாத தீவுக்குப் போகிறவர்கள் கரையிலிருந்தே குடத்தில் கொண்டுபோவதில்லையா, அதுபோல.