முதியோர் மிகைப்படுத்தவில்லை: ஹலி வால்வெள்ளி 1910, 1986

1986ஆம் ஆண்டு ஹலி வால்வெள்ளியைக் காணக் காத்திருந்தோர் பலர் ஏமாந்தனர். 1910இல் வானை அளந்து கிடந்த வாலைப் பற்றி முதியோர் சொன்னவை மிகை என எண்ணியோரும் உண்டு. அம்முதியோர் பக்கம் நின்று சில சொற்கள் எழுதுகிறேன்.

சூரியனை நெருங்குகையில் வால்வெள்ளியின் பனிக்கட்டி ஆவியாகி வாயுவையும் தூசியையும் வெளிவிடும். தூசி சூரிய ஒளியைச் சிதறடிக்கும். வாயு சூரியக் கதிரால் தூண்டப்பட்டு ஒளிரும். விலகிச் செல்கையில் இரண்டும் குன்றும். 1986 மார்ச்சில் ஜியோட்டோ விண்கலம் சுமார் 600 கிலோமீற்றர் அண்மையிற் சென்று நோக்கியபோது, ஒளிக்குள் ஒளிந்திருந்த கரு கரிபோல் இருண்டிருந்தது.

பூமியிலிருந்துள்ள தூரமும் முக்கியமானது. 1910 மே மாதத்தில் அது ஏறக்குறைய 2¼ கோடி கிலோமீற்றர். 1986 ஏப்ரலில் 6¼ கோடி. தூரத்தின் வர்க்கத்திற்கேற்ப ஒளி குறைவதால், இதனால் மட்டுமே ஏறக்குறைய எட்டு மடங்கு வேறுபாடு. தவிர, 1986 பெப்ரவரி 9இல் சூரியனை அது மிக நெருங்கியபோது, சூரியனுக்கு அப்பால், நமக்கு எதிர்ப்புறத்தில் இருந்தது.

1910இல் பனிச்சங்கேணி போன்ற வாவிக்கரைக் கிராமங்களில் மின்விளக்கு இல்லை. இருளும் துணை நின்றது. முதியோர் கண்டதையே சொன்னார்கள்.

2061இல் ஹலி மீண்டும் வரும். 1986ஐ விடப் பிரகாசமாகத் தெரியுமென்பது கணிப்பு. அன்றைய பேரப்பிள்ளைகள், நமக்கு மங்கலாகவே தெரிந்தது என்ற நம் சொல்லையும் நம்பட்டும்.