கதவிடுக்கில் அறுந்த வயர்

புதுப்பேட்டையில் நான் டெஸ்ட் லேம்ப் பிடிக்கப் பழகிய 1980களின் நடுவில், நான்கு கதவுள்ள காரைப் பூட்டுவது நான்கு தனி வேலை. அம்பாசிடராகட்டும், பத்மினியாகட்டும், பின்சீட்டுக்கு எட்டி ஒவ்வொரு கதவாகப் பூட்டிவிட்டுத்தான் இறங்குவார்கள். அமெரிக்காவின் பேக்கார்ட் கார்களில் 1956 மாடலிலேயே மின்சாரப் பூட்டு வந்துவிட்டது. எங்கள் தெருவில் அது புழக்கத்துக்கு வர ஒரு தலைமுறைக்கு மேல் ஆயிற்று.

எல்லாக் கதவையும் ஒருசேரப் பூட்டும் ‘சென்டர் லாக்’கில் நான் முதலில் தொட்டது மின்சாரத்தில் ஓடுவதே அல்ல. வெளிநாட்டிலிருந்து வந்த ஒரு டீசல் கார் அது. இன்ஜினோடு சுழலும் பம்ப் காற்றை உறிஞ்சும். மெல்லிய குழாய்கள் ஒவ்வொரு கதவுக்கும் போகும். கதவுக்குள் இருக்கும் டப்பாவில் ஒரு ரப்பர் சவ்வு அசைந்து பூட்டை இழுக்கும். அந்த வண்டியில் சாவியை உருவிய பிறகும் இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது. நான் டீசல் பம்ப் பக்கம் போனேன். மேஸ்திரி என் கையைப் பிடித்து, “கதவைப் பாருடா” என்றார். இன்ஜினை நிறுத்துவதும் அதே உறிஞ்சல்தான். பின்கதவுச் சவ்வு கிழிந்து காற்று கசிந்ததில், நிறுத்தும் அளவுக்கு இழுவை மிஞ்சவில்லை. அந்தக் கதவின் குழாயை மடித்துக் கட்டினார். சாவியைத் திருப்பியதும் இன்ஜின் அடங்கியது. பழுது ஓரிடம், அதன் அடையாளம் வேறிடம் என்பதை அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன்.

மாருதி 800 வந்தது 1983 டிசம்பரில். அந்தச் சின்ன கார்கள் தெருவெல்லாம் நிறைந்த பிறகு, ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக் கடைகளில் சென்டர் லாக் செட் வாங்கி வந்து மாட்டச் சொல்வார்கள். நான்கு மோட்டார், ஒரு கன்ட்ரோல் பெட்டி, சைக்கிள் ஸ்போக் போலக் கம்பிகள். டிரைவர் கதவு மோட்டாருக்கு 5 வயர், மற்றவற்றுக்கு 2. டிரைவர் கதவின் பூட்டு நகர்ந்ததும் பெட்டி மற்ற மூன்றுக்கும் ஒரு நொடிக்கும் குறைவாக மின்சாரம் விடும். திறக்க அதையே பிளஸ், மைனஸ் மாற்றி விடும்.

பழுது பார்க்க முதல் கருவி காது. மோட்டார் ‘கிர்ர்’ என்று வெறுமனே சுற்றினால் உள்ளே பிளாஸ்டிக் பல் போயிருக்கும். ‘டக்’ சத்தம் வந்தும் பூட்டு நகராவிட்டால் கம்பி வளைந்திருக்கும், அல்லது பூட்டில் கிரீஸ் காய்ந்திருக்கும். நான்கு கதவும் ஊமையானால் முதலில் பியூஸ், பிறகு எர்த். ஒரே ஒரு கதவு மட்டும் சத்தமே போடவில்லையென்றால் நான் டோர் பேடைக் கழற்றுவதே இல்லை. கீல் பக்கத்து ரப்பரைத்தான் உருவுவேன். கதவு திறந்து மூடும் ஒவ்வொரு தடவையும் வயர் அங்கேதான் மடிகிறது. மேல்தோல் முழுசாக இருக்க, உள்ளே செம்பு இற்றிருக்கும். கதவை மெல்ல ஆட்டினால் டெஸ்ட் லேம்ப் மினுக்கிக் காட்டிக்கொடுத்துவிடும். அதை முறுக்கி டேப் சுற்றுவது எனக்குப் பிடிக்காத வேலை. கொஞ்சம் நீளமாக வயர் சேர்த்து ஈயம் வைத்தால்தான் நிற்கும்.

இப்போது பூட்டு, மோட்டார், சுவிட்ச் எல்லாம் ஒரே உறைக்குள் வருகின்றன. போன வாரம் என்னிடம் வேலை பழகும் பையன் ஸ்கேனரை மாட்டினான். பின்கதவுப் பூட்டு என்று காட்டியது. புதுசு வாங்கக் கிளம்பியவனை நிறுத்தி, கீல் ரப்பரை உருவச் சொன்னேன். பழுப்பு வயர் ஒன்று, பச்சைக் களிம்பு பூத்து, இரண்டாக விட்டிருந்தது.