புத்ததேவ் பட்டாச்சார்யா

புத்ததேவ் பட்டாச்சார்யா (1944–2024) மேற்கு வங்கத்தின் முதலமைச்சராக 2000 நவம்பர் முதல் 2011 மே வரை பதவி வகித்த மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் தலைவர். தனியார் முதலீட்டை வரவழைத்து, நலிந்துபோன மாநிலத் தொழில்துறையை மீட்க முயன்றவர். இந்தியக் கம்யூனிஸ்டுகளில் சீர்திருத்தவாதி என்ற பெயர் இவருக்கே அதிகம் பொருந்தும்.

1944 மார்ச் 1 அன்று வடக்குக் கல்கத்தாவில் பிறந்தார். இளம் வயதில் மறைந்த கவிஞர் சுகாந்த பட்டாச்சார்யா இவருடைய தந்தைவழி உறவினர். பிரசிடென்சி கல்லூரியில் வங்க இலக்கியம் படித்த பின் 1966இல் கட்சியில் சேர்ந்தார். வியட்நாம் போரை எதிர்த்துக் கல்கத்தாவில் ஊர்வலங்கள் நடந்த காலம் அது. 1977இல் சட்டமன்றத்துக்குத் தேர்வாகி, முதல்வர் ஜோதி பாசுவின் அமைச்சரவையில் செய்தி, பண்பாட்டுத் துறைகளைக் கவனித்தார். 1982இல் தோற்று, 1987 முதல் ஜாதவ்பூரில் தொடர்ந்து வென்றார். 1993இல் பதவி விலகிச் சில மாதங்களில் திரும்பினார். 1999இல் துணை முதல்வர், 2000 நவம்பர் 6 அன்று முதல்வர்.

இவர் காலத்துத் தொழில் முயற்சிகளில் தோல் தொழில் நடக்கும் வேலூர், ஆம்பூர் பகுதியினர் கவனிக்கவேண்டியது பந்தலா தோல் வளாகம். பாலாற்றங்கரைத் தோல் ஆலைகள் பற்றி 1996 ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்பளித்த உச்ச நீதிமன்ற நீதிபதி குல்தீப் சிங், அதே ஆண்டு டிசம்பரில் கல்கத்தா தோல் ஆலைகள் வழக்கிலும் தீர்ப்பளித்தார். மாசுபடுத்தியவரே ஈடு செலுத்தவேண்டும் என்ற கொள்கை இரண்டிலும் உண்டு. ஆனால் ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை டேனரிகள் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களோடு இருந்த இடத்திலேயே தொடர்ந்தன. கல்கத்தாவின் டாங்ரா, தில்ஜலா, டாப்சியா டேனரிகளோ நகரைவிட்டே போகவேண்டியிருந்தது. டாங்ராவில் பலவற்றை நடத்தியவர்கள் ஹக்கா சீனர்கள். அவர்களில் பலர் இடம்பெயர மனமின்றித் தொழிலை விட்டு உணவகம் வைத்தார்கள். நகருக்குக் கிழக்கே சுமார் 1,100 ஏக்கரில் திட்டமிடப்பட்ட பந்தலா வளாகம் 2005இல் திறக்கப்பட்டது. சுத்திகரிப்புக் குறைபாடுகள் அங்கும் தீரவில்லை என்றாலும், இவர் ஆட்சியின் தொழில் திட்டங்களில் நிலைத்து நின்றவற்றுள் அது ஒன்று.

2006 தேர்தலில் இவருடைய கட்சி தலைமையிலான இடது முன்னணி 294 இடங்களில் 235ஐ வென்றது. பதவியேற்ற மே 18 அன்றே சிங்கூரில் டாடா சிறிய கார் ஆலை அறிவிக்கப்பட்டது. அதற்கு எடுக்கப்பட்ட 997 ஏக்கரும் பெரும்பாலும் விளைநிலம். ரசாயன மையம் அமைக்கத் திட்டமிட்ட நந்திகிராமில் 2007 மார்ச் 14 அன்று போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் 14 பேர் இறந்தார்கள். திரிணமூல் காங்கிரஸ் தலைவர் மம்தா பானர்ஜி தலைமையிலான எதிர்ப்பு வலுக்கவே, 2008 அக்டோபரில் டாடா குஜராத்துக்குப் போனது. அதே ஆண்டு பந்த் நடத்துவதைத் தாம் ஏற்கவில்லை என்று தொழிலதிபர்கள் கூட்டத்தில் இவர் வெளிப்படையாகச் சொன்னது கட்சியின் கண்டனத்துக்கு ஆளானது.

கம்யூனிஸ்ட் சீர்திருத்தவாதி என்ற வகையில் இவரை வியட்நாமின் நுயென் வான் லின்னோடு ஒப்பிடலாம். 1986இல் அந்நாட்டுக் கம்யூனிஸ்ட் கட்சியின் பொதுச்செயலாளரான லின், தொய் மொய் என்னும் பொருளாதாரச் சீர்திருத்தத்தைத் தொடங்கி வைத்தார். ஆனால் அங்கே நிலம் அரசுடைமை, எதிர்க்கட்சி கிடையாது. வங்கத்திலோ 1978இல் தொடங்கிய பர்கா இயக்கத்தில் சுமார் 14 லட்சம் குத்தகை உழவர்களைப் பதிவு செய்து, நிலத்தின் மீது உரிமையுணர்வை ஊட்டியதே இவருடைய கட்சிதான். அந்த உழவர்களிடமே நிலம் கேட்கப்போனதும், சம்மதம் பெறுமுன் போலீஸை அனுப்பியதும் இவருடைய பெரும் பிழைகள்.

2011இல் 34 ஆண்டு இடது ஆட்சி முடிந்தது. ஜாதவ்பூரில் முன்னாள் தலைமைச் செயலாளர் மணீஷ் குப்தாவிடம் 16,684 வாக்குகள் வித்தியாசத்தில் இவரே தோற்றார். 2016இல் உச்ச நீதிமன்றம் சிங்கூர் நில எடுப்பை ரத்து செய்து, நிலத்தை உழவர்களிடம் திருப்பித்தர உத்தரவிட்டது. 2022இல் அறிவிக்கப்பட்ட பத்மபூஷண் விருதை இவர் மறுத்தார். முதல்வராக இருந்தபோதும் கல்கத்தா பாம் அவென்யூவின் சிறிய அரசுக் குடியிருப்பிலேயே வசித்த இவர், 2024 ஆகஸ்ட் 8 அன்று காலமானார். உடல் மருத்துவக் கல்லூரிக்குத் தானமாக அளிக்கப்பட்டது.